வெர்லின் ஸ்ட்ரவுட்டின் ஓட்டு

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை எங்கள் டாலிவர் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, தேசத் தரவரிசையில் ஆறாவதாக இருந்த வார்ட்னியை அவர்கள் மைதானத்திலேயே 24-23 என்று தோற்கடித்தது. முதல் இருபத்தைந்துக்குள் எங்கள் பெயர் வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இந்த முறை வந்துவிடும் என்பதில் எங்கள் கான்சஸ் மாடுகளுக்குக்கூடச் சந்தேகமில்லை.

ஞாயிறு மத்தியானம் நெட்டியின் உணவகத்தில் எல்லோரும் புதிய தரவரிசைப் பட்டியலுக்காகக் காத்திருந்தோம். இருபத்தைந்தாம் இடம் 118 புள்ளியோடு வேறு அணிக்குப் போயிருந்தது. எங்களுக்கு 117.

நாடெங்கும் அறுபத்திரண்டு விளையாட்டு நிருபர்கள் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புவார்கள். கடைசி இடத்துக்கு ஒரு புள்ளி, மேலே போகப் போக ஒவ்வொன்றாகக் கூடும். யார் யாரை எங்கே போட்டார்கள் என்பதும் அன்றே பகிரங்கமாகிவிடும். நெட்டி கைபேசியில் தேடினாள். எங்களை அடியோடு விட்டவர்கள் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் தூரத்து ஆட்கள். பதினெட்டாவது ஆள் இரண்டு மேஜை தள்ளி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

வெர்லின் ஸ்ட்ரவுட் எங்கள் ஊர்ப் பத்திரிகையின் நிருபர். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓட்டு அவரிடம் இருக்கிறது. இரண்டு கல்யாணங்களையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது.

எங்களை இருபத்துநாலாவதாகப் போட்டிருந்தால் போதும். அவர் பட்டியலில் நாங்கள் இல்லை. தோற்ற வார்ட்னி மட்டும் அசையாமல் ஆறாம் இடத்திலேயே இருந்தது.

வெர்லின் வாசலுக்குப் போய்ப் பத்திரிகை ஆசிரியர் மார்ஜுக்குப் போன் செய்தார். வார்ட்னி தோற்றது ஒரு விபத்து, அதுதான் என் தீர்ப்பு என்று சொல்லிவிடும்படி மார்ஜ் யோசனை சொன்னாளாம். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் தரவரிசையை நடத்தும் குழு அந்த ஓட்டைப் பிடுங்கிப் பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடும்.

அவர் உள்ளே வந்தபோது நெட்டி காபி ஜாடியோடு நின்றாள். ஊற்றவில்லை.

"வேணும்னே விட்டியா வெர்லின், இல்ல தப்பா?"

வெர்லின் காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"தப்புதான். மத்த ஆட்டத்தையெல்லாம் பேப்பர்ல குறிச்சு வச்சுக்குவேன். அதப் பாத்துத்தான் பட்டியல மாத்துவேன். நம்ம ஆட்டத்துக்கு நானே போயிருந்தேன். நேர்ல பாத்தத எவனாவது குறிச்சு வைப்பானா?"

"அங்க போய் என்னதான் பண்ணின?"

"ரெண்டு பக்கம் கட்டுரை எழுதினேன். நீகூட நல்லாயிருக்குன்னு சொன்ன."

நெட்டி காபியை ஊற்றினாள், பாதிக் கோப்பை. வெர்லின் அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கும் அதையே எழுதி அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை, யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரியிடம் எங்கள் அணி 41-3 என்று தோற்றது. வார்ட்னி இரண்டாம் இடத்து அணியை 52-0 என்று துவைத்து எடுத்தது.

திங்கள்கிழமை குழுவின் கடிதம் வந்தது. ஓட்டு பக்கத்து ஊருக்குப் போயிற்று.

உணவகமே கொதித்தது. நாட்டிலேயே விஷயம் புரிந்த ஒரே மனுஷனிடமிருந்து ஓட்டைப் பறிப்பதா என்று கேட்டார்கள். நிஜமாகவே மறந்துவிட்டேன் என்று வெர்லின் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார்.

"ரொம்ப அடக்கம் வேணாம் வெர்லின்," என்று நெட்டி கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். "நம்ம டீம் பயலுகளப் பத்தி உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

ஓட்டை வெர்லினுக்கே திருப்பித் தரச் சொல்லிக் குழுவுக்கு ஒரு மனு போயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஊரில் போட மறுத்தவர் வெர்லின் ஒருவர்தான்.