தன் விருப்பில் அசைவு

திருகோணமலை லிங்கநகரில் இரத்தினேஸ்வரியை யாரும் அவளுடைய தொழிலின் பெயரால் கூப்பிட்டதில்லை. கூப்பிடக்கூடிய பெயராகவும் அது இல்லை. தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று கொழும்பில் படித்து வாங்கிய பத்திரம் சொன்னது; சனம் 'எக்சசைஸ் மிஸ்' என்றது. சோதனைச்சாவடிகளில் விளக்கம் சொல்லிக் களைத்துப்போய், இப்போதெல்லாம் அவளே 'நேர்ஸ்' என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

வேலை இதுதான். கைகால் வழங்காமற்போன மனிதனை மறுபடி தன் சோற்றைத் தானே அள்ளித் தின்னவும், தன் சாரத்தைத் தானே உடுக்கவும், கக்கூசுக்குத் தானே போய்வரவும் பழக்குவது. அதை வீடு தேடிப்போய்ச் செய்வது. வெள்ளைக்காரன் காலத்தில் அவனுக்காகத் துப்பாக்கி தூக்கிய கிழவர்களை, அவன் கப்பலேறிப் போய் எத்தனையோ வருடம் கழித்து நினைத்துக்கொண்ட ஒரு சங்கம் அவளை அனுப்பியிருந்தது. பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் அவள் வருமுன்னமே செத்துப்போயிருந்தார்கள். கப்பல்துறை ஊர்க்காரர் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. நிலாவெளிக்காரரிடம் போவதென்றால் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் கிடைக்கிற அன்றைக்கு பஸ் ஓடாது. ஆக, தவறாமல் போகக்கூடியவராக மிஞ்சியவர் லிங்கநகர் இராசநாயகம் ஒருவர்தான். புதன்கிழமை காலை எட்டு மணி.

இராசநாயகத்துக்கு எழுபத்திநான்கு வயது. ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட நாளில், துறைமுக வாயிலைப் பார்த்திருந்த பீரங்கிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றவர். அந்தக் காலத்துப் படம் ஒன்று அலுமாரிக்கு மேலே சுவரில் தொங்கியது: விறைத்த காற்சட்டை, விறைத்த முகம். போன வருடம் வந்த பாரிசவாதம் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. அதைவிட விசித்திரமான ஒன்றையும் கொண்டுபோனது. கைகாலில் பெலன் இருந்தது. ஆனால் அவற்றை அசைக்க அவரால் ஏலவில்லை. 'தண்ணி குடியுங்கோ ஐயா' என்றால் கோப்பையைப் பார்ப்பார், தன் கையைப் பார்ப்பார், பிறகு சொன்னவரின் முகத்தைப் பார்ப்பார். நினைப்புக்கும் உடம்புக்கும் நடுவில் எங்கேயோ பாலம் உடைந்திருந்தது.

இரத்தினேஸ்வரியின் ஃபைலில் ஒவ்வொரு வருகைக்கும் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருந்தது. 'தன் விருப்பில் அசைவு.' இருபத்தெட்டுப் புதன்கிழமைகளாக அவள் அதில் 'இல்லை' என்று எழுதி வந்தாள். ஒவ்வொரு முறையும் குனிந்து, அவருடைய வலது கையைத் தொட்டு, 'இந்தக் கையைத் தூக்குங்கோ ஐயா' என்பாள். கை சும்மா கிடக்கும்.

வழி அகப்பட்டது எரிச்சலில்தான். ஒரு புதன்கிழமை நிலாவெளிப் பாஸுக்காக விடியவே வரிசையில் நின்று, ஏச்சு வாங்கி, வெறுங்கையோடு வந்திருந்தாள். கிழவர் கதிரையில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார். அவருடைய ஒரே மகள் பூரணி குசினியில் இருந்தாள். இரத்தினேஸ்வரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வருடம் அணிநடைத் தலைவியாக நின்றவள் அவள். என்ன நினைத்தாளோ, இரண்டு குதிகளையும் சேர்த்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஸ்குவாட்! அட்டென்ஷன்!"

கிழவர் எழுந்து நின்றார். கதிரை பின்னுக்கு விழுந்தது. குதிகள் சேர்ந்தன, கைகள் விலாவோடு ஒட்டின, முகவாய் நிமிர்ந்தது. பூரணி அகப்பையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டாள். "குயிக் மார்ச்!" என்றதும் இடது காலை முன்வைத்து நடந்தார். சுவர் வந்தது. சுவரில் மோதி, மோதிய இடத்திலேயே கால்களை மாறி மாறித் தூக்கிக்கொண்டு நின்றார். இரத்தினேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஹோல்ட்!" என்று கத்தின பிறகுதான் நின்றார்.

மூளையில் கேட்டுச் செய்கிற இடம் ஒன்று, பழக்கத்தில் செய்கிற இடம் வேறொன்று. முதலாவது செத்தாலும் இரண்டாவது கிடந்து உயிர்க்கும் என்று அவள் படித்திருந்தாள். கண்ணால் காண்பது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோசப் புளுகத்தில் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. கட்டளைக்கு எழும்புகிற உடம்பு, கட்டளை யாருடையது என்று பார்க்காது.

பூரணிக்கு அது பிடிக்கவில்லை. நாற்பதை நெருங்கிய, கலியாணம் ஆகாத, தெருவில் தலை நிமிராமல் போகிற பெண் அவள். தகப்பனுக்கு முன்னால் குரல் உயர்த்தி அறியாதவள்.

"அப்பாவைப் பார்த்து அப்பிடிக் கத்த எனக்கு ஏலாது மிஸ்."

"கத்தாட்டில் அவர் கட்டிலிலேயே கிடப்பார். முதுகு புண்ணாகும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கிணத்தடிக்கும் கக்கூசுக்கும் நடக்கட்டும். நீங்கள்தானே பக்கத்தில இருக்கிறனீங்கள்."

பூரணி கத்திப் பார்த்தாள். அவளுடைய 'குயிக் மார்ச்' சாமிக்கு முன்னால் முணுமுணுப்பது போல வந்தது. கிழவர் அசையவில்லை. நாலைந்து கிழமை போன பிறகுதான் பாதிக் குரல் வந்தது. அதற்கு அவரும் பாதி மனதாக எழும்பினார். சாரத்தை அவள்தான் இறுக்கி உடுத்திவிட வேண்டும். இடுப்பில் அவிழ்கிற துணியைப் பிடிக்க எந்தக் கட்டளையும் இல்லையே. ஆனால் அவர் நடந்தார். வெயில் பட்டது. முகத்தில் ஒரு களை வந்தது.

பக்கத்து வீட்டு இலட்சுமி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன பிள்ளை, விடியக்காலமை ட்ரெயினிங் குடுக்கிற மாதிரிக் கிடக்கு. ஆமி கேட்டா என்ன நினைப்பான்? கவனம்." பூரணி வெலவெலத்துப்போய் இரண்டு நாள் தகப்பனை நடக்க விடவில்லை. பிறகு இரத்தினேஸ்வரி வந்து அவளைச் சமாதானப்படுத்தினாள்.

அந்த ஆவணி மாதப் புதன்கிழமை, அவள் வந்து சைக்கிளைச் சாத்தினதும் ஒலிபெருக்கி கேட்டது. சுற்றிவளைப்பு. எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும், வீட்டில் ஆளிருந்தால் நடக்கிறதற்குப் பொறுப்பில்லை. கிழவரைக் காட்டிப் பூரணி கெஞ்சிப் பார்த்தாள். வந்த சிப்பாய் எல்லோரும் என்றால் எல்லோரும்தான் என்று கையைக் காட்டினான். அயலிலுள்ள இரண்டு ஆண்கள் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கல்யாண மாப்பிள்ளைக்கும் கிடைக்காத மரியாதை என்று ஒருவன் பகிடி விட்டான். பயத்தில் விடுகிற பகிடிக்கு யார் சிரிப்பது.

மைதானத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு ஜீப். அதற்குள் சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன். ஆண்கள் ஒவ்வொருவராக ஜீப்பைக் கடந்து நடக்க வேண்டும். சாக்கு ஆடினால் அந்த மனிதனை ஒரு பக்கமாகத் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வெயில் ஏறுவதற்குள் ஏழு பேர் அந்தப் பக்கம் குந்தியிருந்தார்கள்.

இராசநாயகத்தின் முறை வந்தது. அவரைத் தூக்கி வந்தவர்கள் முன்னமே நடந்து போய்விட்டார்கள். சிப்பாய் நடக்கச் சொல்லிச் சைகை காட்டினான். கிழவர் அவன் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். சிப்பாய்க்கு அது திமிராகத் தெரிந்திருக்க வேண்டும். கதிரையின் காலை உதைத்தான்.

"அவருக்கு ஏலாது! வருத்தக்காரன்!" என்று பூரணி பெண்கள் வரிசையிலிருந்து அழுதாள். அவள் குரல் பாதி வழிகூடப் போகவில்லை. சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினான்.

இரத்தினேஸ்வரி எழுந்துவிட்டாள். "ஸ்குவாட்! அட்டென்ஷன்! குயிக் மார்ச்!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. கிழவர் எழுந்து, நிமிர்ந்து, கை வீசி, ஜீப்பைக் கடந்து நடந்தார். சாக்கு அசையவில்லை. அவள் "ஹோல்ட்!" என்றாள். நின்றார். ஒரு கணம் அவளுக்கு வென்றுவிட்டது போல இருந்தது.

அதிகாரி வந்தான். இளம் வயது, நல்ல இங்கிலீஷ். யார் நீ, எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தன் படிப்பு, கிழவரின் பீரங்கிப் படை, பாரிசவாதம், மூளையின் இரண்டு இடங்கள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது அவளுக்குத் தெம்பைக் கொடுத்தது. இந்த ஊரில் இதுவரை யாரும் அவளுடைய தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. அதனால் தேவைக்கு மேலேயும் சொன்னாள். யார் சொன்னாலும் செய்வார் என்றாள். நிற்கச் சொல்லும்வரை நிற்கமாட்டார் என்றும் சொன்னாள்.

"உண்மையாகவா?" என்றான் அதிகாரி. திரும்பி நின்று, "அபவுட் டேர்ன்!" என்றான்.

கிழவர் திரும்பினார்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி அவரை மைதானத்தின் அந்தத் தொங்கலுக்கு அனுப்பினான், திரும்பக் கூப்பிட்டான். கோப்ரலுக்கு சல்யூட் அடிக்க வைத்தான். ஜீப் சாரதிக்கு சல்யூட். தண்ணீர் கொண்டு வந்தவனுக்கு சல்யூட். பிறகு அவனுக்கு அலுத்துவிட்டது, சிப்பாய்களிடம் விட்டான். வயிற்றுக் குத்தெடுக்கும்படி சிரித்தபடி அவர்கள் முறை வைத்துக் கத்தினார்கள். கிழவரின் கால் இழுபட்டது, வாய் ஓரத்தில் நுரை தள்ளியது, சாரம் நனைந்தது. நனைந்த சாரம் பாரத்தில் இறங்கி, இடுப்பில் அவிழ்ந்து, காலடியில் விழுந்தது. அவர் அதைத் தாண்டி நடந்தார். கைகள் ஒழுங்காக வீசின. லிங்கநகர் முழுவதும் பார்த்திருக்க, தன் மகள் பார்த்திருக்க, எழுபத்திநான்கு வயது மனிதர் அம்மணமாக அணிநடை போனார். கண்கள் மட்டும் அணியில் இல்லை. அவை பெண்கள் வரிசையைப் பார்த்தன.

ஆண்கள் தலை குனிந்தார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணை மூடினார்கள். ஒரு சொல் போதும், அவர் நின்றுவிடுவார். அந்தச் சொல் இரத்தினேஸ்வரியின் வாயில்தான் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் கோப்ரல் நின்றான். இன்னொரு முறை வாய் திறந்தால் உன்னையும் அந்தப் பக்கம் இருத்துவேன் என்று ஏழு பேரையும் கையால் காட்டியிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. கோழை என்று தன்னை ஏசிக்கொண்டாள். ஏசிக்கொண்டு நின்றாளே ஒழியக் கத்தவில்லை.

"ஹோல்ட்!"

தொண்டை கிழிந்து வந்த சத்தம். யாருடையதென்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பூரணி வரிசையை விட்டு மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தாள், தலை நிமிர்ந்தபடி. கிழவர் குதிகளைச் சேர்த்து நின்றார். அவள் மண்ணில் கிடந்த சாரத்தை எடுத்து உதறி, தகப்பனைச் சுற்றி உடுத்தி, இறுக்கிச் செருகினாள். என்னவோ, ஒரு சிப்பாயும் அவளைத் தடுக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் கிடத்திய பிறகு பூரணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பிடிச் செய்யிறதெண்டு அவங்களுக்கு ஏன் மிஸ் சொல்லிக் குடுத்தனீங்கள்?"

ஏசினாலும் தாங்கியிருக்கலாம். அவள் ஏசவில்லை. இரத்தினேஸ்வரி சைக்கிளை எடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் போகாமல் விட்டிருக்கலாம். போனாள். பூரணி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "அண்டைக்குப் பிறகு எழும்பேல்லை. நான் கத்திப் பார்த்தனான். இப்ப எனக்கு நல்லாக் கத்த வருது. அவர்தான் எழும்பிறாரில்லை."

மறுபடி வாதம் வந்துவிட்டதோ என்று இரத்தினேஸ்வரி பயந்தாள். கண்மணியைப் பார்த்தாள், முழங்காலைத் தட்டிப் பார்த்தாள், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தாள். எல்லாம் போன மாதம் இருந்தது போலவே இருந்தன. கட்டிலருகில் நிமிர்ந்து நின்று, "அட்டென்ஷன்!" என்றாள். கிழவரின் குதிகள் போர்வைக்குள் ஒரு கணம் துடித்தன. பிறகு அடங்கின. அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள். "ஐயா, ஒருக்கா எழும்புங்கோ. முதுகு புண்ணாகிடும்." அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுத்து மறுபடி கட்டளையைத் தொடங்கினாள்.

அப்போது போர்வை அசைந்தது. வலது கை. இத்தனை மாதமாக அவள் தொட்டுத் தொட்டுக் கேட்டும் அசையாத கை. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் அது தானாக, நடுங்கி நடுங்கி மேலே வந்தது. வழியில் ஒரு முறை விழுந்தது. மறுபடி எழுந்தது. வந்து, அவளுடைய வாயைப் பொத்தியது.

நெடுநேரம் பொத்தியபடியே இருந்தது. அந்தக் கையில் அடி இல்லை, கோபமும் இல்லை. பாரம் மட்டும் இருந்தது. அவளுடைய கண்ணீர் அவருடைய விரல்களுக்கு மேலால் ஓடியது.

அவர் பிறகு எழும்பவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது முதுகுப் புண் எலும்புவரை போய்விட்டது. அவர் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, இரத்தினேஸ்வரி ஃபைலை முடித்து அனுப்ப உட்கார்ந்தாள். அந்தக் கை எழும்பிய புதன்கிழமையின் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. தன் விருப்பில் அசைவு. அவள் பேனையை எடுத்து 'உண்டு' என்று எழுதினாள்.