நாலாவது இடத்துக்காரி

என் மனைவிக்குத் துப்பாக்கி சுடுவதுதான் தொழில். கல்யாணம் பேசிய அன்றே என் அண்ணன் காதோரம் வந்து, "யோசிச்சுக்கோடா, சண்டை வந்தா உனக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்றான்.

அவள் போய்ச் சுடாத நாடு குறைவு. பெரிய போட்டிகளில் ஐந்து முறை இறுதிச் சுற்றுக்கு வந்தாள், ஐந்திலும் நாலாவது. பதக்கம் மூன்று பேருக்கு, நாலாவது ஆளுக்குக் கைகுலுக்கல். கடைத்தெருவில் அவள் பெயரே 'நாலு' என்றாகிவிட்டது. என்னிடம் குழாய் வாங்க வருகிறவன்கூட, "நாலு இப்ப எந்த நாட்டுல அண்ணே?" என்று விசாரித்துவிட்டுத்தான் விலை கேட்பான். நானும் அவனுக்கு விலையை ஏற்றித்தான் சொல்வேன்.

இந்தத் தடவை துப்பாக்கி சுடும் சங்கம் கறாராகச் சொல்லிவிட்டது: பதக்கம் இல்லையென்றால் அணியில் அவள் இடம் ஒரு சின்னப் பெண்ணுக்கு.

அரங்கில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். அவருக்குப் பாத்திரக் கடை. அவரிடம் விலை குறைத்தவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கீழே இவள், பலகையாய் விறைத்த மேல்சட்டையோடு. பத்து மீட்டர் தள்ளிப் பேனா முனை அளவில் நடுப்புள்ளி. எட்டுப் பேரில் நாலு பேர் கழிந்தாயிற்று. அடுத்த குண்டோடு இன்னொருத்தி வெளியேற வேண்டும். திரையில் கடைசிப் பெயர் இவளுடையது.

மற்ற மூவரும் சுட்டுவிட்டார்கள். இவளுக்குக் குறைந்தது பத்து புள்ளி ஏழு வேண்டும். பத்து புள்ளி ஒன்பதுக்கு மேல் அந்த விளையாட்டில் மதிப்பெண்ணே கிடையாது. துப்பாக்கியை ஏந்தினாள். கன்னத்தைப் பதித்தாள். இதோ சுடப்போகிறாள் என்று நினைத்தேன், இறக்கிவிட்டாள்.

"போச்சு அத்தை. நேரம் முடியப் போகுது. கிடைச்சதைச் சுட்டிருக்கலாம்ல?"

"நீங்க எல்லாம் எப்படித்தான் கடை நடத்துறீங்களோ மாப்பிள்ளை. சரக்கு சரியில்லன்னா கீழ வெச்சுட்டு எந்திரிக்க வேண்டியதுதான்."

"எந்திரிச்சுப் போனா பின்னாடியே வந்து கூப்பிட அங்க கடைக்காரன் இல்லையே."

"வாயை மூடிட்டுப் பாருங்க."

பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவளோ அவசரமே இல்லாமல் மூச்சை விட்டாள், வலது கையைக் கால்சட்டையில் துடைத்தாள், மறுபடி ஏந்தினாள். கடிகாரம் ஒற்றை எண்ணுக்கு இறங்கிய பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். டம்ளர் விழுந்தால்கூட இதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

பத்து புள்ளி எட்டு.

திரையில் பெயர்கள் இடம் மாறின. பக்கத்தில் நின்றவள் துப்பாக்கியை வைத்துவிட்டு, இவள் தோளைத் தட்டிவிட்டு வெளியேறினாள். முன்வரிசை வெளிநாட்டுக்காரர் திரும்பி, யார் இந்தப் பெண் என்று கேட்டார். கேட்காத நாலு பேருக்கும் சேர்த்து, என் வீட்டுக்காரி என்று சொன்னேன். கடைத்தெரு முழுக்கப் போன் போட எழுந்தேன்.

மாமியார் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் இம்மியும் இளக்கம் இல்லை.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் ரெண்டு பேர் மிச்சம். வெண்கலத்தை வாங்கிட்டுப் போகவா இவ்ளோ தூரம் வந்தோம்?"

கீழே அவள் அடுத்த குண்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.