பெயர் ஏறாத திரை

மாமா பொய் சொல்லமாட்டார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சின்னவளுக்கு அது தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் போனில் அக்காமீது எரிந்து விழுந்தாள்.

"பதிஞ்சிருந்தா பேரு திரையில வந்தே தீரும்க்கா. அது நான் எழுதின ப்ரோகிராம். மாமாதான் மறந்திருப்பாரு."

"வாசல் கவுண்டர்ல பதிஞ்சேன்னு அடிச்சு சொல்றாருடி. மூச்சு வாங்குது, கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நீயே வந்து பாரு."

மாமா தன் டயாலிசிஸ் முறையைக் காய்ச்சலால் தவறவிட்டிருந்தார். யாராவது வராமல் போய் மெஷின் காலியானால்தான் அவருக்கு வழி. காலியானால், பதிந்து காத்திருப்பவர்களில் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சொல்வது சின்னவளின் திரை.

சின்னவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே அந்தத் திரையைப் பார்த்துக்கொள்பவர் கடமையே கண்ணானவர். திறக்க வெகுநேரம் பிடிக்கிறது என்று காலையில் திறந்ததை மாலைவரை மூடவேமாட்டார். "பாருங்கம்மா, எல்லாரும் முடிஞ்சாச்சு. ஒரு மெஷின் சும்மாதான் நிக்குது. இவரு பேரு இல்லாம நான் எப்படி உள்ள விடறது?"

சின்னவள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு நோயாளியின் போன் எண்ணை மாற்றினாள். திரையில் உடனே மாறியது. "பாத்தீங்களா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அக்காவைப் பார்த்தாள், ஏதோ ஜெயித்தவள்போல.

பிறகுதான் கூடத்தைப் பார்த்தாள். திரையில் யாருமே பாக்கியில்லை. நாற்காலிகளில் மட்டும் ஆட்கள். தான் எழுதிய ப்ரோகிராமை வரிவரியாக நினைத்துப் பார்த்தாள்.

பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்துத் திரைக்குக் கொடுக்கும் கர்சர் எத்தனையோ வகை இருந்தது. ஒன்று முன்னால் மட்டுமே போகும், திரும்பாது. ஒன்று எல்லா மாற்றத்தையும் காட்டும், ஆனால் ஆமை வேகம். இவள் நடுவிலிருந்ததை எடுத்தாள். திறக்கும் நேரத்தில் இருப்பவர்களின் பதிவு எண்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அவர்கள் விவரம் மாறினால் காட்டும். பிறகு வந்தவர்களை அதற்குத் தெரியவே தெரியாது. இவளோ சோதிக்கும்போதெல்லாம் பழைய பெயர்களை மாற்றித்தான் பார்த்தாள், புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துப் பார்க்கவில்லை. என்ன புத்தியோ!

"அண்ணே, மூடிட்டுத் திறங்க."

திறந்தார். புதிய பெயர்கள் ஏறின. மாமாவும் இருந்தார். அவருக்கு மேலே ஓர் அம்மாள்.

அக்கா அவள் கையைப் பிடித்தாள். "உன் ப்ரோகிராம்தானே. மாமா பேரை மேல தூக்கிப் போடேன். யாருக்குத் தெரியப்போவுது?"

சின்னவளின் விரல் விசைப்பலகை வரை போனது. போய் நின்றது. ஓரத்தில், வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு, அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். இவர் பெயரையும் விட்டுவிட்டது தன் திரைதானே.

"அவங்களைக் கூப்பிடுங்கண்ணே" என்றாள். "அடுத்தது எங்க மாமா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து மாமாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்து, அடுத்த மெஷின் சீக்கிரம் காலியாகும் என்று சொல்லிப் போனார். சின்னவள் மாமா பக்கத்தில் அமர்ந்தாள்.

"தப்பு என்னோடது மாமா. நீங்க பதிஞ்சிருந்தீங்க."

மாமா கண்ணைத் திறந்து ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்து விட்டார்.

"அப்பாடா! நீ போன்ல அவ்வளவு உறுதியா சொன்னதும், நான் பதியவே இல்லியோன்னு எனக்கே தோணிப்போச்சும்மா."