மூன்றாவது லெவலுக்கு மேல்

அக்கா மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, குழந்தைகளை நிறுக்கும் எடைமேடை என்று எது மக்கர் செய்தாலும் அடித்தளத்தில் இருக்கும் அவளுடைய ஜன்னலில்லாத அறைக்குத்தான் வந்து சேரும். அங்கே பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது. வீட்டுக்கு வந்தால் தங்கை இருந்தாள். ஐம்பத்திரண்டு வயதுவரை அவளுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது.

தங்கைக்கு நாற்பத்தாறு. ஒன்பது வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் இடதுகாலில் வலுவில்லாமல் போய்விட்டது. ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிழைதிருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு இரண்டு அறை வீட்டில் இவர்கள் இருவர்தான். வெளியே போனால் அக்கா தன் நடையைக் குறைத்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் எப்படி ஊறிவிட்டதென்றால், தனியாகப் போகும்போதுகூட அவளுக்கு வேகமாக நடக்க வரவில்லை.

அந்த வருடம் திடீரென்று தங்கை தனக்கு மோட்டார் வைத்த சைக்கிள் வேண்டும் என்றாள். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“இப்படி ஒத்தக் கால்ல நிக்கிறியேடி!”

“எனக்கு அதுதானேக்கா நல்லா வரும்” என்று தங்கை சிரித்தாள்.

அதற்குமேல் அக்கா என்ன சொல்ல முடியும்? குறுக்குக்கம்பி இல்லாத பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் பதித்த சக்கரத்தைப் பூட்டினாள். கேரியருக்கு அடியில் பேட்டரி, சீட்டுக்குக் கீழே கண்ட்ரோலர் பெட்டி, கைப்பிடியில் சின்னத் திரை. மூன்று வாரம் வண்டி கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சமையலறைக்குப் போகிறவர்கள் கைப்பிடியில் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெடல் சுற்றினால் மோட்டார் கூடச்சேர்ந்து தள்ளும், அவ்வளவுதான் விஷயம். பெடல் சுற்றுவதை மோட்டாருக்குத் தெரிவிக்க, பெடல் அச்சில் பன்னிரண்டு காந்தங்கள் பதித்த ஒரு வில்லை. எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை லெவல்.

பின்சந்தில் முதல்நாள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சண்டித்தனம் செய்தது. பெடல் அரைச்சுற்று வந்தால்தான் மோட்டார் விழித்துக்கொள்ளும். தங்கையின் காலுக்கு அந்த அரைச்சுற்றே மலையாக இருந்தது. எப்படியோ மிதித்துவிட்டால் முதல் லெவலிலேயே வண்டி குதிரைபோலப் பாய்ந்தது. சுவரில் உராய்ந்து அவள் முழங்கை தோலுரிந்துபோனது.

அக்கா திரைக்குக் கீழிருந்த இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, செட்டிங்குக்குள் நுழைந்தாள். ஆறு காந்தம் கடந்தால் கிளம்பு என்றிருந்ததை இரண்டு என்று மாற்றினாள். கிளம்பும்போது பாயும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தாள். முதல் லெவல் நடைவேகம், இரண்டு அதற்குச் சற்று மேல், மூன்று சமதளத்துக்கு, நாலும் ஐந்தும் மேட்டுக்கு. ஒவ்வொன்றையும் தானே ஓட்டிப் பார்த்து, இடதுகாலைத் தொங்கவிட்டு வலதுகாலால் மட்டும் மிதித்துப் பார்த்து, திரும்பவும் குந்தி உட்கார்ந்து எண்களைத் திருத்தினாள்.

கடைசியில் உச்சவேகம். இருபத்தைந்து என்று இருந்தது. அக்காவின் விரல் அங்கே நின்றது. அவளுடைய சாதாரண சைக்கிளில் தம் பிடித்து மிதித்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வரும். வேகமாகப் போனால் இவள் விழுந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதினாறு என்று வைத்துவிட்டாள். இனி எந்த லெவலில் ஓட்டினாலும் வண்டி அதைத் தாண்டாது.

ஒரு மாதம் பொற்காலம். ஞாயிறு தவறாமல் ஆற்றோரச் சாலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் போனார்கள்.

“மூணு, நாலு, அஞ்சு எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கேக்கா?” என்று ஒருநாள் தங்கை கேட்டாள்.

“மோட்டாரோட சக்தி அவ்வளவுதான்.”

அக்கா மறந்தது ஒன்றுதான். தங்கை பிழைதிருத்துகிறவள், மருந்துச்சீட்டைக்கூட முற்றுப்புள்ளிவரை படிக்கிறவள். ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தபோது, மோட்டாரோடு வந்த கையேடு மேஜைமேல் விரிந்து கிடந்தது. அச்சுப்பிழைகளைச் சுற்றிப் பென்சில் வட்டங்கள். கூடத்தில் சைக்கிள் திரையில் 16 என்ற எண் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

“இது அதுவா வந்ததா, நீ போட்டதா?”

அக்காவுக்கு இந்தமுறை பொய் வரவில்லை. “நான் போட்டதுதான். வேகமா போய் விழுந்து வெச்சா என்ன பண்றது? பயமா இருந்துச்சு.”

“விழுந்துடுவேன்னு பயமா, போயிடுவேன்னு பயமா?”

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

“எனக்குக் கோபமில்லக்கா. எனக்காக நீ எத்தனை வருஷம் மெதுவா நடந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? அப்போ எனக்கு முடியல. இப்போ முடியுது. அதைப் போய் பூட்டி வெச்சிருக்கியே?”

கையேடு கையில் இருந்தது. நினைத்திருந்தால் தங்கையே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. “நீயே எடுத்து விட்டுடு” என்றாள்.

அக்கா குந்தி உட்கார்ந்து எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றினாள். இருபத்தைந்து வந்ததும் பொத்தானை அழுத்திச் சேமித்தாள்.

அடுத்த ஞாயிறு ஆற்றோரச் சாலையில் தங்கை முன்னே போனாள். பாலத்தடியில் நின்று காத்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் காத்திருந்தாள். மூன்றாவது வாரம், “நீ மெதுவா வாக்கா, நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பறந்தாள். அக்கா அவள் முதுகைப் பார்த்தாள். அது சின்னதாகி, வளைவில் திரும்பிக் காணாமல் போனது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினொரு கிலோமீட்டரில் இருந்த அச்சகம், நேரில் வந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டது. தங்கை தினமும் போய்வந்தாள். மழை பிடித்ததும், அங்கே புத்தகம் தைக்கும் பெண்ணின் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்றாள். “வாரத்துல அஞ்சு நாள்தான்க்கா.” அஞ்சு ஆறானது. சில வாரம் ஏழும் ஆனது.

இரண்டு பேருக்குச் சமைத்த அக்காவின் கைக்கு ஒருத்திக்கான அளவு பிடிபடவில்லை. மிச்சத்தை மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டாள். அடித்தள அறையில் எடைமேடையைத் திறந்து வைத்துக்கொண்டு, “உனக்கு என்னம்மா பண்ணுது?” என்று அவள் கேட்டதை, வாசலில் வந்து நின்ற நர்ஸ் கேட்டுவிட்டாள். அக்கா இருமுவதுபோலச் சமாளித்தாள்.

ஒரு புதன்கிழமை தங்கையிடமிருந்து போன் வந்தது. “அக்கா, இங்க ஒரு சின்ன மேடு இருக்கு. ரெண்டாவது லெவல் பத்தல, மூணு அதிகமா இருக்கு.”

“சாயங்காலம் வரட்டுமா?”

“எதுக்கு அலையறே? நீ சொல்லு, நானே பண்ணிக்கறேன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்னத் திரையை மனசுக்குள் கொண்டுவந்து, எதை அழுத்த வேண்டும், எந்த எண்ணை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. “சரியாயிடுச்சுக்கா! வெச்சுடட்டா?” என்றாள் தங்கை.

மனசு கேட்காமல் அந்த ஞாயிறு அக்கா சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் கிளம்பினாள். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் ஆனது. புத்தகம் தைக்கும் பெண் கதவைத் திறந்து, “அவங்க காலையிலயே சைக்கிள் ஓட்டற கூட்டத்தோட போயிட்டாங்களே, போன் பண்ணலையா நீங்க?” என்றாள். உள்ளே வரச் சொன்னாள். அக்கா தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள்.

நடுமத்தியானத்தில் தெருமுனையில் ஐந்தாறு சைக்கிள்கள் திரும்பின. முன்னால் வந்தது தங்கை. வெயிலில் கறுத்து, தலைமுடி பறக்க, யாரிடமோ திரும்பி ஏதோ கத்திச் சிரித்துக்கொண்டு வந்தாள். அக்கா அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. படியை விட்டு எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை.

“அக்கா! ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?” தங்கை வண்டியைப் போட்டுவிட்டு விந்தி விந்தி வந்து கட்டிக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். “எல்லாம் இவ கைவேலைதான்” என்று தங்கை அக்காவைக் காட்டினாள். ஆளாளுக்கு வண்டியைத் தட்டிப் பார்த்து மெச்சினார்கள்.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். “உனக்கும் ஒண்ணு செஞ்சுக்கோயேன். நீயும் எங்களோட வரலாம்ல?”

“எனக்கு எதுக்குடி? நான் எங்க போகப்போறேன்?”

“போய்ச் சேந்ததும் போன் பண்ணு.”

அக்கா வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணினாள். அந்தப் பக்கம் ஒரே பேச்சும் கூச்சலுமாக இருந்தது. “வந்துட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.