இணைச்சீருக்கு யார் நிற்பது

பூசாரி நீட்டிய திருநீற்றைச் சண்முகவேல் இரண்டு கைகளாலும் பணிவாக வாங்கிக்கொண்டார். அதை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்துக் கல்தூணின் மாடத்தில் கொஞ்சமும் சிந்தாமல் கொட்டிவிட்டு, கோபுரத்துக்கு வெள்ளையடிக்கும் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மோகனூர்ப் பக்கத்தில் இருந்த அந்தக் குலக்கோயிலுக்கு அவர்தான் தலைவர். தலைவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றையும் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் விட்டுவிட்டுப் போய்விடுகிறோம், பார்த்துக்கொள்ளாது என்று தெரிந்த ஒருத்தராவது பொறுப்பில் இருக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அது அவருக்கும் சரியாகவே பட்டது.

சேலத்தில் கல்லூரியில் படித்த காலத்திலேயே அவர் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். யாரும் வந்து மாற்றியதில்லை. தானாக உட்கார்ந்து யோசித்து வந்த முடிவு. விடுதி நண்பர்கள் அவருக்குக் கறுப்புச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதை அவர் போடவே இல்லை. சாமி இல்லை என்பது வேறு, இருக்கிற எல்லாவற்றையும் கலைத்துப் போடுவது வேறு என்று அவர்களோடு மல்லுக்கு நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அவர் ஓட்டு, கோயிலையும் குடும்பத்தையும் பழக்க வழக்கத்தையும் பற்றி அதிகமாகப் பேசுகிற கட்சிக்குத்தான். அந்தக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் பூஜையறைப் பக்கம் தலைகாட்டாத ஆளைப் பார்த்து விழிப்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தால் அவர் பேசுகிற பேச்சைக் கேட்டு விழிப்பார்கள். இரண்டு பேரையும் விழிக்க வைப்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷி உண்டு.

அவருடைய கோழிப்பண்ணையில் எதற்கென்று தெரியாத கயிறு ஒன்று கட்டியிருந்தால் அதை அறுக்க விடமாட்டார். அறுத்த பிறகுதான் எந்தப் படுதா விழும் என்று தெரியும் என்பார். வழக்கங்களைப் பற்றியும் அவருக்கு அதே எண்ணம்தான். மூடநம்பிக்கை என்று அவரே சொல்வார், அதை மாற்றக் கூடாது என்றும் அவரே சொல்வார். இத்தனை வருடமும் இந்த இரண்டும் அவருக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. மகன் கௌதமனுக்குக் கல்யாணம் கூடி வந்தபோதுதான் வினை வந்தது.

அவர்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மணமகனோடு கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்பாள். மறுநாள் மணமகள் உடுத்தப்போகிற கூறைச் சேலையைக் கொசுவி மடித்து, ஒரு முனையை அவளும் மறு முனையை அவனும் பிடித்துக்கொள்வார்கள். உனக்கென்று குடும்பம் வந்தாலும் எனக்கும் உனக்கும் உள்ள பிடி விடாது என்பது அதன் பொருள். கௌதமனோடு கூடப் பிறந்தவள் ஒரே அக்காள், ஜெயப்பிரியா. மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். புருஷனை இழந்தவளை அந்தச் சீருக்கு நிறுத்துகிற வழக்கம் இல்லை.

ராசிபுரத்துக்குப் போய்க் கூறைச் சேலை எடுத்து வந்த அன்று, கட்டிலின் மேல் அதை விரித்துப் போட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்காளி வீட்டுப் பெண் பிரபாவை இணைச்சீருக்குச் சொல்லிவிடலாம் என்று சண்முகவேல் சாதாரணமாகச் சொன்னார், சமையலுக்கு ஆள் சொல்வது போல. சேலையின் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்த ஜெயப்பிரியாவின் கை நின்றது. கௌதமன் எழுந்து வெளியே போய்விட்டான். அவர் மனைவி சௌந்திரம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, பெத்த புள்ள குத்துக்கல்லாட்டம் ஊட்ல இருக்கறப்ப பிரபாளை எதுக்குங்க கூப்படோணும்?"

சௌந்திரம் வெள்ளி செவ்வாய் விரதம் இருப்பவள், வாசலில் பல்லி கத்தினால்கூடத் தயங்கி நிற்பவள். அப்படிப்பட்டவள், மாப்பிள்ளை செத்த அன்று மகளின் வளையலை உடைக்க வந்த கிழவிகளின் முன்னால் போய் நின்று, நான் கும்பிடுகிற சாமி இதைக் கேட்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். சண்முகவேல் அன்று பந்தலின் ஓரத்திலேயே நின்றுவிட்டார். அது மாப்பிள்ளை வீட்டு வழக்கம், நாம் எப்படித் தலையிடுவது என்று தோன்றியது அவருக்கு.

இப்போது மனைவிக்கு அவர் நிதானமாக விளக்கினார். துரதிர்ஷ்டம், அபசகுனம் எல்லாம் வெறும் பேச்சு என்று தனக்குத் தெரியும். ஆனால் பெண் வீட்டார் இருக்கிறார்கள், சனம் இருக்கிறது. ஆளாளுக்கு ஒன்றை மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் வழக்கம் என்று எதுவும் மிஞ்சாது. பேசப் பேச அவர் குரல் கோயில் கூட்டத்துக் குரலாகிவிட்டது. ஜெயப்பிரியா முழுவதையும் கேட்டாள். பண்ணையின் மருந்து, தீவனம், ஆட்கள் எல்லாவற்றையும் இந்த மூன்று வருடமாகப் பார்ப்பவள் அவள். குரலை உயர்த்திப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அப்பா, சாமி குத்தமாயிரும்னு அம்மா சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பனுங்க. பாவம், பயப்படறாங்கன்னு நெனச்சிருப்பேன். உங்களுக்குப் பயப்படறதுக்கு மேல ஒருத்தரும் இல்லீங்களே. அப்ப என்னை வேண்டாங்கறது நீங்கதானுங்க."

அவள் சேலையை மடிப்புக் குலையாமல் மடித்துப் பெட்டியில் வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பண்ணையில் ஆள் போதாது, நான் அங்கே இருந்துகொள்கிறேன், விடிந்ததும் நேராகத் தாலி கட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

அந்த வாரம் முழுக்கச் சண்முகவேலுக்குச் சோறு இறங்கவில்லை. விவாதத்தில் அவர் தோற்றதில்லை; தோற்றாலும் ஒத்துக்கொண்டதில்லை. இதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று பண்ணைக்குள் நடந்துகொண்டே யோசித்தார். சமுதாயம் என்று சொல்லிப் பார்த்தார், ஒழுங்கு என்று சொல்லிப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தது அவரேதான். ஷெட்டின் அந்தக் கோடியில் மகள் கோழிகளுக்குத் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் எப்போதும் போலச் சிரித்தாள். 

கடைசியில், சின்னண்ணன் என்ற பெரியவரைப் போய்ப் பார்த்தார். கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்திவைக்கிற அருமைக்காரர் அவர். ஐயர் இல்லாமல் தங்கள் சனத்துப் பெரியவர் ஒருத்தரே நடத்துகிற இந்த முறை சண்முகவேலுக்கு எப்போதும் பிடித்தமானது. கூடாது என்று சின்னண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனார். சின்னண்ணன் மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"வழக்கம் இல்லைதான் தம்பி. ஆனா நானா போட்டனா வழக்கத்தை? எங்கப்பன் செஞ்சதை நான் செய்யறேன். நாளைக்கு உன்ற புள்ளைய நிறுத்துன்னு நீ சொன்னா நிறுத்தறேன். ஊர்ல எல்லாரும் உன்ற மொகத்தைத்தான பாக்கறாங்க."

சண்முகவேல் திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தார். பாதுகாக்க வேண்டிய கோட்டை என்று தான் வெளியே நின்று காவல் காத்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. கூடவே ஒரு காரணமும் கிடைத்தது. காரணம் இல்லாமல் ஒரு காரியத்தில் இறங்குகிற ஆள் இல்லை அவர். கூடப் பிறந்தவள் நிற்பதுதானே வழக்கத்தின் உயிர்? அவள் இருக்கும்போது இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதுதானே மாற்றம்? இந்த நியாயம் மகளுக்காகத் தேடிப் பிடித்தது என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் அது நல்ல நியாயமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அவர் நேராகச் சம்பந்தி வேல்முருகன் வீட்டுக்குப் போனார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்து இறங்கியதில் அந்த வீடே கலங்கிப்போயிற்று. விஷயத்தைச் சொன்னதும் வேல்முருகன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் சனம் பேசும் என்றார். பேசும் என்று சண்முகவேலும் ஒத்துக்கொண்டார். மணப்பெண் தனப்பிரியா கதவோரம் வந்து நின்றது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

"ஏதாச்சும் குத்தமாயிருச்சுன்னா என்ன பண்றதுங்க?" என்று வேல்முருகன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லத்தான் சண்முகவேலின் நாக்கு எழுந்தது. நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். எதிரே இருந்தவரின் பயம் உண்மையானது என்பது ஏனோ அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது.

"அது என்ற தலைல உளுகட்டுங்க. வழக்கமும் சொல்லலை, சாமியும் சொல்லலை. நாந்தானுங்க சொல்றேன்."

வேல்முருகன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காப்பி சாப்பிட்டுப் போகச் சொன்னார். கிளம்பும்போது தனப்பிரியா வாசல்வரை வந்து, அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள் மாமா என்றாள்.

வீட்டில் அவர் மகளிடம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பண்ணைக்கு வேறு ஆள் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். ஜெயப்பிரியா சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் சௌந்திரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அன்று ராத்திரிதான் சண்முகவேல் வயிறாரச் சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. கோயில் கமிட்டி ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பெண் வீட்டிலிருந்து பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேர் காலையில் வருவார்களா மாட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. கௌதமன் மணையில் நின்றான். இணைச்சீர்க்காரியை வரச் சொல்லுங்கள் என்று சின்னண்ணன் சத்தமாகக் கேட்டார். யாரும் எழவில்லை. பங்காளிகள் வழக்கம் போலத் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அம்முணி, வா சாமி. தம்பி காத்துக்கிட்டிருக்கறான்" என்றார் சண்முகவேல்.

ஜெயப்பிரியா கூட்டத்தின் நடுவே நடந்து வந்தாள். பெண் வீட்டுப் பெரியம்மாள் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னொருத்தியும் எழுந்து, என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள். சின்னண்ணன் கூறைச் சேலையைக் கொசுவி ஒரு முனையை அக்காள் கையில் கொடுத்தார், மறு முனையைத் தம்பி கையில் கொடுத்தார். இடையில் சேலை தொய்ந்து தொங்கியது. கௌதமன் அவளைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டே தன் முனையை லேசாக இழுத்தான். அவளும் இழுத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் சேலை விறைத்து நின்றது, அதன் அரக்கு நிறத்தில் மண்டபத்து விளக்குகள் எல்லாம் விழுந்திருந்தன.