முர்காவும் கறுப்பு எண்ணெயும்

எங்கள் முர்கா அந்த இலையுதிர்காலத்தில் ஒழுகவிட்டதை எல்லாம் தேக்கி வைத்திருந்தால், ட்ராவா ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு அணை கட்டி மாரிபோர் நகரம் முழுவதற்கும் மின்சாரம் எடுத்திருக்கலாம். என் மனைவி ஸ்வோன்கா கேட்டால், "பாதியைக் கழிச்சுக்கோங்க, இந்த ஆள் அப்படித்தான்" என்பாள். கழித்துக்கொள்ளுங்கள். மீதியே ஒரு குளம் தேறும். காலையில் அதில் காலுறையோடு இறங்கியவன் நான்.

முர்கா கிழ நாய். முதுகு கறுப்பு, தாடி நரை. வேண்டுமென்று செய்பவள் அல்ல. விழித்திருக்கும்வரை கதவருகே போய் மரியாதையாக நிற்பாள். கண்ணயர்ந்தால்தான் குழாய் திறந்துகொள்ளும். எழுந்ததும் தனக்குக் கீழே இருக்கும் ஈரத்தை முகர்ந்து பார்ப்பாள். பிறகு காதுகளை மடக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அந்த நேரத்தில் எனக்கே நையாண்டி வராது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் ஊறி ஊறிப் பின்தொடைத் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. துடைக்கும்போது முனகுவாள். ஒருநாள் துடைத்து முடித்த ஸ்வோன்கா துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மார்ட்டின் பண்டிகை வரைக்கும் பார்ப்போம், லுட்விக். அதுக்கப்புறமும் இந்தப் புண்ணோட தவிச்சாள்னா, கடைசி ஊசிதான். நான் இவளை வதைக்க மாட்டேன்."

ஊரே புது ஒயின் திறக்கும் அந்தப் பண்டிகைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை.

கால்நடை மருத்துவர் இர்மா முதலில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். நான் ஸ்வோன்காவின் குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் முர்காவைத் துரத்தினேன். அவள் குந்துவாள், நான் கரண்டியை நீட்டுவேன், அவள் எழுந்துவிடுவாள். உலகக் கோப்பைக் கால்பந்தில்கூட அவ்வளவு ஓட்டம் கிடையாது. பக்கத்துக் கட்டடத்து ஃபெலிக்ஸ் பால்கனியிலிருந்து கத்தினான்:

"யோவ் லுட்விக், சூப்பா? உப்புப் பாத்து அள்ளுய்யா!"

"உனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பறேன், வாயை மூடு!"

கடைசியில் ஒரு கரண்டி கிடைத்தது. இர்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "கிருமி ஒண்ணும் இல்ல. கருத்தடை செஞ்ச பெண் நாய்க்கு வயசானா இப்படி வரும், அடக்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோகும். இதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா அது ரத்த அழுத்தத்தை ஏத்தும், இவ இதயம் தாங்குமான்னு எனக்கு பயம். முதல்ல பூசணி விதைச் சத்துத்தூள் கொடுத்துப் பாக்கலாம். எல்லா நாய்க்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். சில வாரம் பொறுக்கணும். ஒழுகுதேன்னு தண்ணியை மட்டும் குறைச்சிடாதீங்க."

பூசணி என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்வோன்காவின் முகத்தில் விளக்கு எரிந்தது. அவள் பூசணி விதை எண்ணெய் ஆட்டும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில், புட்டியில் கறுப்பாகத் தெரியும் அந்தக் கரும்பச்சை எண்ணெய் அவரையில் விழும், உருளைக்கிழங்கில் விழும், முட்டையில் விழும், ஐஸ்கிரீமையும் விடாது. என் வயது ஆண்கள் சொந்தக் குழாய்க்காகத் தினமும் ஒரு கரண்டி குடிப்பார்கள். நானும் குடிக்கிறேன். குழாயைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வோன்கா தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இது வெறும் சக்கைய்யா! எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சறது. எங்கப்பா இதைப் பன்னிக்குப் போடுவார்."

"டாக்டரம்மா தூளுன்னுதானே சொன்னாங்க?"

"அவங்க தலைநகரத்துலேர்ந்து வந்த லூப்லியானாக்காரி. சாலட்ல ஆலிவ் எண்ணெய் ஊத்தற கூட்டம். அவங்களுக்குப் பூசணியைப் பத்தி என்ன தெரியும்? சக்கைக்கே குணமாகும்னா, சத்துக்கு எப்படி ஆகும், யோசி!"

டப்பா அலமாரிக்குப் போயிற்று. முர்காவின் கிண்ணத்தில் எண்ணெய் இறங்கியது. அவளோ கிண்ணத்தின் அடி தேயும்வரை நக்கினாள். நரைத்த தாடி பச்சையாகிக் காட்டுத் தேவதைபோல் வீட்டுக்குள் வலம் வந்தாள்.

சில நாளில் ஒரு காலை, சமையலறையிலிருந்து கூச்சல் கேட்டது. ஸ்வோன்கா, முர்கா படுக்கும் விரிப்பைத் தலைக்கு மேல் கொடிபோல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிருக்கு லுட்விக்! தொட்டுப் பாருய்யா, பிஸ்கட் மாதிரி இருக்கு!"

நான் தொட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முர்கா மட்டும் அந்தக் கொண்டாட்டத்துக்கு வரவில்லை. முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் உயர்த்தி நின்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். பச்சை. மறுபடியும் எடுத்தாள், அதில் ஒன்றுமே இல்லை.

மருத்துவமனைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். வழக்கமாக யானைக் கனம் கனப்பவள் அன்று தலையணைபோல் இருந்தாள். இதில் எதையும் கழிக்காதீர்கள்.

இர்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். தோலைக் கிள்ளி விட்டார், அது கிள்ளியபடியே நின்றது. குனிந்து தாடியை முகர்ந்தார்.

"பூசணி எண்ணெய்."

ஸ்வோன்கா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"சாலட்டுக்கு ஊத்தற அளவுதான்," என்றாள் ஸ்வோன்கா.

"யார் வீட்டு சாலட்டுக்கு?"

"எங்க வீட்டு..."

இர்மா கண்ணை மூடித் திறந்தார். "தூள்ல கொழுப்பை எடுத்துடறாங்கம்மா. எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. கணையம் வீங்கியிருக்கும்னு நினைக்கிறேன். ரத்தம் பாத்தா தெரிஞ்சிடும்."

"ஆனா விரிப்பு காஞ்சிருந்துச்சே, டாக்டரம்மா?"

"காஞ்சது விரிப்பு இல்லம்மா. இவதான். ரகசியமா எங்கெங்கே வாந்தி எடுத்தாளோ, உடம்புல தண்ணியே இல்ல."

சோபாவுக்குப் பின்னால் பிறகு தேடிப் பார்த்தபோது அதுவும் இருந்தது. வழக்கம்போல் சுவர்ப் பக்கம் ஒளிந்துதான் செய்திருக்கிறாள்.

முர்காவை அங்கேயே வைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று இர்மா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் ஸ்வோன்கா சாலட்டை வெறும் வினிகரோடு வைத்தாள். நான் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். "சும்மா இரு, லுட்விக்," என்றாள். இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

தொலைபேசி அடித்தது. ஸ்வோன்கா பாய்ந்து எடுத்தாள். கேட்டாள். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னவாம்?"

"நனைச்சிட்டாளாம்!" முகமெல்லாம் கண்ணீர். "ரெண்டு விரிப்பாம் லுட்விக், ரெண்டு!"

முர்கா பாதியாய் இளைத்து வீடு வந்தாள். கொழுப்பில்லாத உணவு, அதன்மேல் டப்பாவிலேயே இருந்த குட்டிக் கரண்டியால் தட்டி அளந்த தூள், தொடைக்குக் களிம்பு. ஸ்வோன்கா அளப்பதைப் பார்த்தால் தங்கம் நிறுப்பதுபோல் இருக்கும்.

மார்ட்டின் பண்டிகை வந்தது. வாத்து வறுவல், சிவப்பு முட்டைக்கோஸ், புது ஒயின், ஸ்வோன்காவின் தங்கை ஸ்லாவிட்சா. உட்கார்ந்ததுமே ஸ்லாவிட்சா மேசையைத் துழாவினாள்.

"ஏன்க்கா, எண்ணெய் எங்க? அப்பா வீட்டு எண்ணெய் இல்லாம சாலட்டா?"

"தீந்துபோச்சு."

"உன் வீட்டுலயா? ஆறு வத்தினாலும் அது வத்தாதே!"

"தீந்துபோச்சுன்னு சொல்றேன்ல?" என்றாள் ஸ்வோன்கா. புட்டி அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் நிறைந்து நின்றது. மேசைக்கடியில் முர்கா அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஸ்வோன்கா விரிப்பருகே மண்டியிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்றேன். கேட்கப் பயமாக இருந்தது.

"ஈரமா?"

"ஈரம்தான்."

"எவ்வளவு?"

அவள் கையை எடுத்தாள். நானே போய்ப் பார்த்தேன். குளமில்லை, அணையில்லை. அவள் உள்ளங்கை அளவு.

முர்கா எழுந்து அதை முகர்ந்தாள். காது மடங்கியது. ஸ்வோன்கா அவளைப் போகவிடாமல் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தொடையைத் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.

"புண்ணு?" என்றேன்.

"ஓரம் காய ஆரம்பிச்சிருக்கு. நடுவுல இன்னும் சிவப்புதான்."

"அப்போ... அந்த ஊசி?"

அவள் விரிப்பைச் சுருட்டி என் நெஞ்சில் திணித்தாள்.

"மெஷின்ல போடு போ. சோப்பைக் கொட்டிடாதே, அளந்து போடு."