உள்மூலைக் கணக்கு

கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பிளாஸ்டிக் தரைவிரிப்புக் கம்பெனியில் நரைத்த தலை முதலாளி வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தனுக்கு அங்கே தரை ஒட்டும் வேலை. அண்ணிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அறையின் அளவைக் கொடுத்தால், அதை எத்தனை செவ்வகங்களாகப் பிரிக்கலாம் என்று அவள் எழுதிய புரோகிராம் சொல்லும். வெட்டும் இயந்திரத்துக்குச் செவ்வகம் தவிர வேறெதுவும் தெரியாது. துண்டு குறைந்தால் ஒட்டு குறையும். துடைக்கிற தண்ணீர் இறங்கி விரிப்பு தூக்கிக்கொள்வது ஒட்டில்தான்.

ஒரு திங்கட்கிழமை, பரிசோதனைக்கூடம் ஒன்றிலிருந்து கொழுந்தன் போன் செய்தான்.

"அண்ணி, உங்க கம்ப்யூட்டர் ஆறு துண்டு போடச் சொல்லுது. எனக்கு அஞ்சே போதும்."

"அளவை ஒழுங்கா எடுத்தியா?"

"நேர்லதான் வந்து பாருங்களேன்."

வரிந்துகட்டிக்கொண்டு போனாள். சுவர் அறைக்குள் துருத்திய மூலைகள், அதாவது உள்மூலைகள், ஆறு. அவளுடைய புரோகிராம் ஒவ்வொரு மூலையிலிருந்தும் குறுக்குக்கோடு மட்டுமே இழுத்திருந்தது. கொழுந்தனோ, எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து நெடுக்காக இரண்டு கோடுகளைச் சாக்பீஸால் போட்டிருந்தான். மிச்ச இரண்டு மூலைக்கும் ஆளுக்கொரு சின்னக் கோடு.

"ஒரே கோட்டுல ரெண்டு மூலை அடங்கிடுது பாருங்க."

அந்த மிச்ச மூலைகளும் நேருக்கு நேராகத்தான் இருந்தன. "அப்ப அதையும் ஒரே கோடா சேர்த்தா நாலாயிடுமே?" என்றாள், ஆசையாக.

"போட்டுத்தான் பாருங்க."

போட்டு எண்ணினாள். ஆறு. குறுக்கே போன கோடு, சும்மா இருந்த நடுத்துண்டை வீணாக இரண்டாக்கிவிட்டது.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு மூலைகளைச் சேர்க்கும் கோடுகளை முதலில் திரட்டவேண்டும்; அதில் ஒன்றையொன்று வெட்டாதவையாக எத்தனை அதிகம் தேறுமோ அத்தனையைப் பொறுக்கவேண்டும்; மற்றதெல்லாம் பிறகு. இதைப் புரோகிராமாக எழுதி முடிக்க ஒன்பது நாள் பிடித்தது.

அடுத்து வந்தது ஒரு நூலகம். பத்தொன்பது உள்மூலை. கொழுந்தன் பதினேழு துண்டு என்றான். புரோகிராம் பதினாறு என்றது. பசை டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பென்சிலும் கையுமாக மல்லுக்கட்டினான்.

"வாசப்பக்கம் ஒரு கோட்டைக் கோட்டை விட்டுட்டேன் அண்ணி. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?"

பதினாறு துண்டில் தரை அமைந்தது. அண்ணனுக்கு விஷயம் அன்றைய சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிட்டது.